கேள் என்னும் பொத்தான்

ஒருவரை ஏற்றியும் ஒருவரை இறக்கியும் பாராத கண்ணுடையானை, முன் வந்தார்க்கும் பின் வந்தார்க்கும் ஒரே நிழல் தரும் திருவடியுடையானை, நெஞ்சில் நிறுத்தித் தொழுது இச்சிறு கதையைத் தொடங்குகிறோம். இதில் நலன் உண்டாயின் அவனது. பிழை உண்டாயின் எமது.

“தாயே, அந்தப் பலகைகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.”

இவ்வாறு வேண்டியவர் சிற்றம்பலம். அறுபதைக் கடந்தவர். வேண்டப்பட்டவர், பொருநைக் கரையில் உள்ள ஒரு சிறு மடத்தின் தலைவியாகிய ஞானாம்பிகை அம்மையார். வயதில் அவர் இளையவர். ஆயினும் சிற்றம்பலத்துக்கு அவரே குரு.

அம்மையார் பூசைக்கு வில்வ இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அம்மடத்தின் கூடத்தில், இளமையில் பள்ளியைக் காணாத பெண்கள் சிலர் பிற்பகல்தோறும் எழுத்துக் கற்க வருவார்கள். பெரும்பாலோர் பீடி சுற்றுவோர். அவர்களுக்காக அன்பர் ஒருவர் கணினிப் பலகைகள் அளித்திருந்தார். தொட்டால் ஒரு குரல் பாடம் சொல்லும்.

அக்குரல் ஐயாறப்பனுடையது. அவரும் அம்மையாரின் மாணாக்கரே. சிற்றம்பலத்துக்குப் பல்லாண்டு பிந்தி வந்தவர். சென்னையில் இருக்கிறார். பாடங்களைப் பதிந்து அனுப்பினாரேயன்றி, அந்தக் கூடத்தை ஒரு நாளும் கண்டதில்லை.

சிற்றம்பலமோ நாள்தோறும் கூடத்தில் இருப்பவர். எழுத்துத் திருத்துவதும், ஐயம் தீர்ப்பதும், நடுங்கும் விரலைப் பிடித்து எழுதச் செய்வதும் அவர் பணி. அப்பணிக்கு ‘வழித்துணை’ என்று பெயரிட்டவர் அம்மையார்.

“நான் வழித்துணையாம். யாருக்குத் துணை, தாயே? பலகைக்கா?”

“யார் அப்படிச் சொன்னது?”

“ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் நடத்துகிறார்கள். நேற்று எனக்கு இருமல் வந்தது. ‘செத்த சும்மா இருங்க சார், ஐயா சொல்லுதாரு’ என்று என்னை அடக்கிவிட்டார்கள். அவன் ஐயா. நான் சார்.”

அம்மையார் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து ஒதுக்கினார்.

“வெள்ளிக்கிழமை பலகைக்குப் பூ வைத்தார்கள்.”

“உமக்கும் பூ வேண்டுமா?”

வேண்டும் என்பது சிற்றம்பலத்தின் முகத்தில் தெரிந்தது.

“எத்தனை முறை பாடம் சொன்னாலும் அவனுக்குச் சலிப்பதே இல்லையாம். எப்படிச் சலிக்கும்? ஒருமுறை சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். நாளும் வந்து சலித்துக்கொள்பவன் நான் அல்லவா?”

“அது உண்மை.”

“பலகை இருக்கட்டும், அல்லது நான் இருக்கிறேன். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இந்தக் கூடத்தை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. ஆயினும் போய்விடுவேன்.”

அம்மையார் இப்போது நிமிர்ந்தார்.

“அதில் குற்றம் ஒன்றைக் கண்டுவாரும். கண்ட அன்றே திருப்பி அனுப்பிவிடுவோம்.”

“மெய்யாகவா?”

“மெய்யாக. ஆனால் காணும்வரை நீர் அவர்கள் அருகிலேயே இரும். அவர்கள் அழைத்தாலன்றி வாய் திறவாதிரும்.”

*

மறுநாளே சிற்றம்பலம் விரைந்து வந்தார்.

“கண்டேன், தாயே. ழகரம்.”

“ஐயாறப்பன் பிழைபடச் சொல்கிறாரா?”

“இல்லை.”

“பின்?”

“மிக நன்றாகச் சொல்கிறான். ‘பழம்’ என்றால் கேட்பவர் வாயில் சாறு ஊறுகிறது. எழுத்துக் கற்பவர்களுக்கு அவ்வளவு எதற்கு? அது பகட்டு.”

அம்மையார் சிரிப்பை அடக்க முயன்றார். முயற்சி முழுதும் கைகூடவில்லை.

“வேறு குற்றம் பாரும்.”

அன்று மாலை சிற்றம்பலம் தம் வீட்டுக் கண்ணாடியின் முன் நின்று ‘பழம்’ என்று சொல்லிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குழைத்து, மறுபடி சொல்லிப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மாள் கூடையோடு வாசலுக்கு வந்து, “பழக்காரரே, என்ன பழம்?” என்று கேட்டார்.

அதன்பின் அவர் கண்ணாடியின் பக்கம் போகவில்லை.

கூடத்தில் வாய் மூடி இருந்தார். பெண்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

“சாருக்கு என்னாச்சுடி? ஊமையாயிட்டாரு?”

“பலகையோட சண்டையாம்.”

“யாரு செயிச்சா?”

“பாத்தாத் தெரியலையா?”

சிரித்தார்கள். அச்சிரிப்பில் பகை இல்லை. அதுவே அவரை மிகவும் சுட்டது.

ஒரு நாள், பலகைகளுக்கு மின்னேற்ற அவர் மறந்துபோனார். மறந்ததாகத்தான் சொன்னார். பெண்கள் அவற்றை முந்தானையில் ஏந்திக்கொண்டு எதிரே இருந்த தேநீர்க் கடைக்குப் போய், அங்கே மின்னேற்றி, அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். தேநீர்க் கடைக்காரரும் அன்று ககர வரிசை முழுவதையும் கற்றுக்கொண்டாராம்.

சிற்றம்பலம் வெறும் பாய்களின் நடுவே தனியே அமர்ந்திருந்தார்.

அம்மையாருக்குச் செய்தி எட்டியது. அவர் வில்வ இலை ஆய்வதைத் தொடர்ந்தார்.

*

பின் ஒரு பிற்பகல். பெண்கள் கலைந்து போயினர். ஒருவர் மட்டும் போகவில்லை.

அவர் பெயர் வெயிலுகந்தாள். ஐம்பதைக் கடந்தவர்; கணவரை இழந்தவர். தூணின் மறுபுறம் சிற்றம்பலம் இருப்பதை அவர் காணவில்லை.

பலகையில் ஒரு பொத்தான் உண்டு. அதன்மேல் ‘கேள்’ என்று பொறித்திருக்கும். பாடத்தைச் செவியால் கேள் என்பது பொறித்தவர் கருத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கப் புதிதாகக் கற்ற வெயிலுகந்தாள் அதனை வேறாகப் பொருள்கொண்டார். உனக்கு வேண்டியதை என்னிடம் கேள் என்று.

பொத்தானை அழுத்தினார். பலகையின் அருகே வாயைக் கொண்டுசென்றார்.

“ஐயா, நான் வெயிலு பேசுதேன். நேத்தும் கேட்டேன். ஒரே கூச்சலா இருந்துச்சு. உங்களுக்குக் கேட்டிருக்காது.”

“படகு,” என்றது ஐயாறப்பனின் குரல். “ப, ட, கு. படகு.”

“அது எனக்குத் தெரியும்யா. நான் கேக்கது வேற.”

சற்றே திரும்பி, கூடம் வெறிதாய் இருப்பதை உறுதிசெய்துகொண்டார்.

“எங்க வீட்டுல அவுக போயி வருசம் திரும்பப் போகுது. அவுக பேரு வெட்டி, அம்மன் கோயிலுக்கு ஒரு குடம் குடுக்கணும்னு இருக்கேன். பாத்திரக்கடைக்காரரு பேரைச் சொல்லுங்கன்னாரு. எப்படிச் சொல்லுவேன்? கலியாணம் ஆனதுல இருந்து அவுக பேரு என் வாயில வந்ததே இல்ல. அப்போ எழுதிக் கொண்டாங்கன்னாரு. அதுக்குத்தான் இங்க வந்து உக்காந்தேன். வேற யாரையும் எழுதச் சொல்ல எனக்கு மனசு இல்ல.”

மூச்சு வாங்கினார்.

“இப்போ எழுத்தெல்லாம் வந்துட்டு ஐயா. எழுதப் போனா கை நின்னுபோகுது. வாயால சொல்லக்கூடாதுன்னு வளத்துட்டாங்க. கையால எழுதலாமா? எழுதினா அவுகளுக்கு எதுவும் குத்தம் வந்துருமா?”

பொத்தானை மீண்டும் அழுத்தினார்.

“பட்டு,” என்றது குரல். “ப, ட், டு. பட்டு.”

வெயிலுகந்தாள் காத்திருந்தார். பிறகு ஆறுதல் சொல்வார்போலப் பலகையைத் தடவிக்கொடுத்தார்.

“யோசிச்சே சொல்லுங்க. வருசம் திரும்புததுக்கு முந்தி சொன்னாப் போதும். சாருகிட்டக் கேக்கலாந்தான். அவரு பெரிய படிப்பாளி. ‘இதைக்கூடவா கேப்பீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா, நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். நீங்க அப்படிச் சொல்லமாட்டீங்க.”

தூணின் பின்னே சிற்றம்பலத்துக்கு எங்கோ தைத்தது. தைத்த இடம் எது என்று பார்க்க அவர் நிற்கவில்லை. அவர் தேடிய குற்றம் கிடைத்துவிட்டது.

*

“தாயே, கண்டேன்!”

“என்ன குற்றம்?”

“கேட்டால் கேட்காது.”

நிகழ்ந்ததை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்தது.

“கணவர் பெயரை எழுதலாமா என்று ஒரு பெண் உயிர் உருகக் கேட்கிறார். இவன் ‘படகு’ என்கிறான்! மறுபடி கேட்கிறார். ‘பட்டு’ என்கிறான், தாயே! பட்டு!”

அம்மையார் இலை ஆய்வதை நிறுத்தினார்.

“அவர் யாரைக் கேட்டார்?”

“அவனை.”

“யாருக்குக் கேட்டது?”

சிற்றம்பலத்தின் குரல் தாழ்ந்தது.

“எனக்கு.”

அம்மையார் அடுத்த இலையைக் கையில் எடுத்தார்.

“சொன்ன சொல் சொன்னதுதான். பலகைகளை எல்லாம் கட்டி எடுத்துவாரும். அனுப்பிவிடுவோம்.”

*

சிற்றம்பலம் ஒரு பையோடு கூடத்துக்கு வந்தார். மாடத்தில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பையில் இட்டார். ஒன்று குறைந்தது.

அது வெயிலுகந்தாளின் மடியில் இருந்தது. அவர் இன்னும் போகவில்லை.

“ஆச்சி, பலகையைத் தாருங்கள்.”

“செத்த இருங்க சார். ஐயாகிட்ட ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன். பதில் வரட்டும், தாரேன்.”

“வராது, ஆச்சி.”

“வரும் சார். அவரு யோசிக்காரு.”

சிற்றம்பலம் அவரைப் பார்த்தார். ஒரே ஒரு தொடர் போதும். ‘அது பொறி, ஆச்சி, நீங்கள் கேட்டது அதற்குக் கேட்கவே கேட்காது.’ அவ்வளவு சொன்னால், ஐயாறப்பனை வெயிலுகந்தாளே தம் கையால் பைக்குள் இடுவார். நாக்கின் நுனியில் அத்தொடர் இனித்தது.

வெயிலுகந்தாள் பலகையை இரு கையாலும் பிடித்திருந்தார். தாயின் மடியில் பிள்ளை உறங்கும்போது பிடிக்கும் பிடி அது.

சிற்றம்பலம் பையைத் தரையில் இறக்கினார். தாமும் தரையில் அமர்ந்தார்.

“எழுதலாம், ஆச்சி.”

வெயிலுகந்தாள் திடுக்கிட்டு நோக்கினார்.

“இறைவன் பெயரைச் சொல்ல நா எழாமல் அதை எழுதி வைத்துத் தொழுத அடியவர்கள் உண்டு. அதை ஒருவரும் குற்றம் என்றதில்லை. வாய் மூடி இருந்ததும் மரியாதைதான். கை எழுதுவதும் மரியாதைதான். உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அவருக்கு ஒரு குற்றமும் வராது.”

வெயிலுகந்தாளின் முகம் மெல்ல மலர்ந்தது. மலர்ந்த முகம் சிற்றம்பலத்தை நோக்கவில்லை. மடியிலிருந்த பலகையை நோக்கியது. அதை எடுத்து இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்,” என்றார். “ஐயாவுக்குக் கேட்டிருக்கும்னு எனக்குத் தெரியும். நேரா சொன்னா நான் வெக்கப்படுவேன்னு, உங்ககிட்டச் சொல்லி அனுப்பியிருக்காரு. அப்படித்தான சார்?”

சிற்றம்பலத்தின் தொண்டையில் ‘நான்’ என்ற ஒரு சொல் வந்து நின்றது. சிறிய சொல்தான். கீழே இறங்க மறுத்தது.

வெயிலுகந்தாள் விடைக்காக அவர் வாயையே பார்த்திருந்தார்.

“ஆம், ஆச்சி,” என்றார் சிற்றம்பலம். “ஐயாதான் சொல்லி அனுப்பினார்.”

இதனைச் செவிமடுத்தார் இல்லத்தில் நற்சொல் நிலைபெறுக. அவர் கை தொட்ட எழுத்துத் துலங்குக. அவன் அருள் அவர்பால் குறைவற நிறைக.