கல்வெட்டு மட்டும் கட்டிய கழிப்பறை

மத்திய அரசு மானியத்தில் எங்கள் பள்ளிக்குக் கழிப்பறை கட்டியதாகக் கணக்கு எழுதினார் கல்வி அதிகாரி வைத்தியலிங்கம். கட்டியது கல்வெட்டு மட்டும்தான். அதில் அவர் பெயர் முழநீளம்.

டெல்லியிலிருந்து ஆய்வாளர் வந்த அன்று, அதிகாரி பள்ளி ஆயா பூவாயியை மிரட்டினார்: "கழிப்பறை அருமையா இருக்குன்னு சொல்லணும். இல்லேன்னா வேலை போயிடும்!"

"சொல்லிடுறேங்க" என்ற பூவாயி, அவருக்கு இளநீர் மேல் இளநீராக வெட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அதிகாரி நெளிந்தார். நைசாக ஜீப்பை நோக்கி நகர்ந்தார்.

ஆய்வாளர் முன்னாலேயே பூவாயி வாளித் தண்ணீரை நீட்டினாள். "நீங்க கட்டின கழிப்பறை அருமையா இருக்குங்கய்யா. அங்கேயே போங்க."

அதிகாரி கல்வெட்டைப் பார்த்தார், ஆய்வாளரைப் பார்த்தார், வாளியைப் பிடுங்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்கு ஓடினார்.

பூவாயி கத்தினாள்: "ஐயா, பிள்ளைங்க போற பாதையிலயே போங்க. அங்கதான் முள்ளு கம்மி!"