ஓ செவ்வாணா!

ஒரு ஊர்ல ஒரு நஞ்சம்மா இருந்தா. ம் கொட்டுடி, அப்பத்தான் கதை நடக்கும்.

"ம்."

ஊருன்னா எல்லை ஊரு. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜா, அந்தப் பக்கம் ஒரு ராஜா. ரெண்டு பேரைப் பத்தியும் புஸ்தகம் இருக்கு, நடுவுல கிடந்த சனத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது. அதை நான் தேடுறேன்னு கிளம்பினா நஞ்சம்மா. அந்தச் சீமையிலயே சரித்திரம் படிச்ச முதல் பொம்பளை அவதான். காடு மேடெல்லாம் அலைஞ்சு கல்லுக் கல்லா குனிஞ்சு பார்ப்பா. "கல்லைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறா"ன்னு ஊரே சிரிச்சுது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன!

அப்புறம் ஒரு நாள், ஓடையில துணி துவைக்கிற கல்லைப் பாலம் கட்ட உடைக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா, கல்லைப் புரட்டிப் போட்டிருக்காங்க. அடிப்பக்கத்துல வில்லு பிடிச்ச ஒரு ஆளு, பக்கத்துல வட்ட வட்டமா தேஞ்சுபோன எழுத்து. மேஸ்திரி மாரப்பன் சம்மட்டியோட நிக்கிறான்.

"மாரப்பா, படிச்சிடுறேன், கொஞ்சம் பொறு."

"பொழுது சாயற வரைக்கும்தான் அக்கா."

அப்போ அவ ஈரக் காகிதத்தைக் கல்லு மேல ஒட்டி, டொப்பு டொப்புன்னு பிரஷ்ஷால தட்டினா. எழுத்துக் குழியில காகிதம் இறங்கினாத்தான் படிக்க முடியும். விர்ர்ருன்னு காத்து வந்து அதைத் தூக்கிட்டுப் போச்சு. ரெண்டாவது நல்லாத்தான் ஒட்டுச்சு. மை எடுக்கத் திரும்பினா, மொறுக் மொறுக்! ஆடு தின்னுடுச்சு. சிரிக்காதேடி, அவளுக்கு அழுகையா வந்துச்சு. மூணாவது, அவசரத்துல உரிக்கப் போய் டர்ருன்னு கிழிஞ்சுது. அதோட காகிதமும் தீர்ந்துச்சு, பொழுதும் சாயுது.

அப்போ ஓடையில பாத்திரம் விளக்கிட்டு இருந்த மாதிங்கிற பொண்ணு, "இதைத் தேய்ச்சுப் பாருக்கா"ன்னு அடுப்புச் சாம்பலை நீட்டினா. தேய்ச்சா, எழுத்தெல்லாம் வெள்ளையா எழுந்து நின்னுச்சு! நஞ்சம்மா கூட்டிக் கூட்டிப் படிச்சா: "திருடன் ஓட்டிப்போன... மாட்டை... மீட்டு... மாண்டான்... செவ்வாணன்."

ஓடைக்கரையில இருந்த சனமெல்லாம் ஓடி வந்து கல்லைச் சுத்திக் கூடிடுச்சு. ஏன் தெரியுமா? பொங்கலுக்குப் பொங்கல் மாடெல்லாம் ஓடை தாண்டும்போது அந்த ஊர்ல எல்லாரும், "ஓ செவ்வாணா, மாடு வந்துடுச்சு!"ன்னு கத்துவாங்க. யாரு செவ்வாணன்? ஒருத்தருக்கும் தெரியாது. ஹை ஹைங்கிற மாதிரி அதுவும் மாடு ஓட்டுற சத்தம்னு நினைச்சிருந்தாங்க.

டங்! மாரப்பன் சம்மட்டியைக் கீழே போட்டான். "எங்கப்பன் தோள்ல உக்காந்து நானும் கத்தியிருக்கேனே அக்கா. இவரையா உடைக்கப் பார்த்தேன்!"

"ம்..."

அப்புறம் என்ன, வேற கல்லுல பாலம் எழும்புச்சு. செவ்வாணனை ஓடைக்கரையில நிமிர்த்தி நட்டாங்க. அடுத்த பொங்கலுக்கு, ஊரே அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுச்சு: "ஓ செவ்வாணா, மாடு வந்துடுச்சு!" நஞ்சம்மா தாரை தாரையா அழுதா. எல்லாம் சந்தோஷத்துலதான்.

ம் சத்தத்தைக் காணோமே. மாடும் வீடு சேர்ந்துச்சு, கதையும் வீடு சேர்ந்துச்சு. தூங்கு கண்ணு.