மாதுளைக்கு அடித்த ஒட்டடை

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். நாலைந்து அறைகள், ஒரு கிணறு, பின்னால் பெரிய கொல்லை. அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராகச் சேர வந்த தவமணியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

வந்த அன்றே அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சாமி, என் மனசைச் சுத்தம் பண்ணித் தரணும்."

"என்ன அழுக்கும்மா?"

"என் வீட்டுக்காரரு நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலதான் செத்தாரு. அந்நேரம் நான் பக்கத்து வார்டுல வேற யாருக்கோ ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். ஓடிப் போய்ப் பார்க்கிறப்ப அவரு கண்ணு வாசலப் பார்த்தபடி நின்னுருந்துச்சு. அந்த முகந்தான் வந்துக்கிட்டே இருக்கு. கண்ணை மூடவே பயமா இருக்கு சாமி."

சாமி திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு, "கொல்லையப் பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அதுதான் வைத்தியம் என்று தவமணியம்மா எடுத்துக்கொண்டார். கொல்லை சுத்தமானால் மனசும் சுத்தமாகிவிடும். இப்படி ஒரு கணக்குப் போடாத சீடர் எந்த ஆசிரமத்தில் இருக்கிறார்?

அது மாசி மாதம். வேம்பும் புங்கமும் இலையைக் கொட்டித் தீர்த்தன. தவமணியம்மாவும் விடவில்லை. விழுந்த இலை தரையில் நிம்மதியாகக் கிடப்பதற்குள் பெருக்கி அள்ளினார். செம்பருத்தியில் புழுவைக் கண்டால் பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிந்தார். கொல்லை ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. டெட்டால் தெளிக்காததுதான் பாக்கி.

"இவ்வளவு மரம் இருக்கு, ஒரு குருவி வரலையே சாமி?" என்று ஒருநாள் கேட்டார்.

கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சாமி, "வந்து என்ன செய்யும்?" என்றார்.

தவமணியம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை.

பங்குனி பிறந்தது. உத்திரத்துக்கு முன்னால் ஆசிரமம் முழுக்க ஒட்டடை அடித்து வெள்ளையடிப்பது அங்கே வழக்கம். அந்த வேலையைத் தவமணியம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். பூஜை அறை, சமையலறை, படுக்கும் அறை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஒட்டடைக் கம்பின் தலையில் நூலாம்படை பஞ்சு மிட்டாய் மாதிரி திரண்டுவிட்டது. அந்த வேகத்தில் கம்போடு கொல்லைக்கும் வந்தார்.

மாதுளைக் கிளையின் நுனியில் ஏதோ தொங்கியது. காய்ந்த புல், மரப்பட்டைத் தூள், கிழிந்த காகிதம், எல்லாவற்றையும் நூலாம்படை சேர்த்துப் பிடித்திருந்தது. கம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். வந்துவிட்டது. மரத்துக்கு ஒட்டடை அடித்த முதல் ஆள் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

சற்று நேரத்தில் ஒரு குருவி வந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மஞ்சள் வயிறு, வளைந்த அலகு, அந்த அலகில் ஒரு பஞ்சு இழை. கிளை நுனியில் உட்கார்ந்தது, எழுந்தது, வெறும் இடத்தைப் பார்த்துச் சிறகடித்துக்கொண்டே நின்றது. பஞ்சைக் கீழேயும் போடவில்லை.

"தேன்சிட்டு ஒண்ணு வந்துருக்கு சாமி. என்னமோ தேடுது."

"வீட்டத் தேடுது."

"எங்க இருக்கு வீடு?"

சாமி அவர் கையிலிருந்த கம்பைப் பார்த்தார்.

 தவமணியம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டு, அதன் தலையில் ஒட்டியிருந்த கூட்டை மெல்லப் பிரித்தெடுத்தார். உள்ளே ஓடி ஊசியும் நூலும் எடுத்து வந்தார். எத்தனையோ பேர் காயத்துக்குத் தையல் போட்டுப் பழகிய கை. இருந்த இடத்திலேயே கிளையோடு சேர்த்துத் தைத்து, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைக் கத்தரித்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

குருவி வந்தது. தள்ளி உட்கார்ந்து பார்த்தது. போய்விட்டது.

தவமணியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"என் ராசி இதுதான் சாமி. இருக்க வேண்டிய நேரத்துல இருக்க மாட்டேன். கை வைக்கக் கூடாத இடத்துல கை வைப்பேன்."

 சாமி கீழே கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்தார். கழுவப் போகிறார் என்று தவமணியம்மா நினைத்தார். சாமியோ அதை மாதுளைக்குப் பக்கத்தில், நூலாம்படை மேலே இருக்கும்படி மண்ணில் ஊன்றிவிட்டுக் கீரைப் பாத்திக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலையில் தேன்சிட்டு அந்தக் கம்பின் தலையில் வந்து உட்கார்ந்தது. கிணற்றுக்குப் பின்னால் நின்ற தவமணியம்மா மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார். குருவி ஒரு இழையை இழுத்தது. வரவில்லை. காலை ஊன்றி இன்னொரு தரம் இழுத்தது. பூஜை அறை நூலாம்படையும், கரி படிந்த சமையலறை நூலாம்படையும் கொஞ்சம் கொஞ்சமாக மாதுளையின் வேறொரு கிளைக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்றிலிருந்து விளக்குமாறு மூலையில் கிடந்தது. இலை விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதைக் கிளற ஒரு கூட்டம் தவிட்டுக்குருவிகள் வந்தன. இலைக்கு இலை சண்டை போட்டுக்கொண்டு அவை பண்ணின அமளியில் தவமணியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

புங்கம் தளிர்த்துப் பளபளத்தது. வேம்பு பூத்தது. எங்கிருந்தோ ஒரு குயில் விடாமல் கூப்பிட்டது. தியானத்தில் ஒரு நிமிஷம் ஒழுங்காக உட்கார முடியாத அம்மா, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த காப்பி ஆறிப்போனதும் தெரியவில்லை.

சித்திரையில் கூட்டின் வாசலில் இரண்டு சின்ன அலகுகள் தெரிந்தன.

"குஞ்சு பொரிச்சிருச்சு சாமி. தாய் என்ன கொடுக்குது பாருங்க. நான் பிடுங்கி எறிஞ்சேனே, அந்தச் செம்பருத்திப் புழுவுதான்."

"ம்."

"வர்றப்பெல்லாம் எதையாவது கொண்டாருது. வெறும் வாயோட ஒரு தரம்கூட வரல."

சாமி தலையாட்டினார். தவமணியம்மா கொஞ்சம் தயங்கினார். சந்தோஷமாக இருந்த முகம் சுருங்கிவிட்டது.

"ஆனா இங்க உக்கார்ந்திருக்கிறப்பவும் அவரு வர்றாரு சாமி. விரட்டுனாப் போக மாட்டேங்கிறாரு. நான் என்ன செய்யட்டும்?"

சாமி தண்ணீர் வாளியை இறக்கி வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் காய்ந்த இலைகள் மேலேயே உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கொண்டாந்தாரு?"

 தவமணியம்மா பார்த்துச் சொல்வதற்காகக் கண்ணை மூடினார்.