ஆவுடையப்பனின் பங்கு லாரி

மேப்பில் இல்லாவிட்டாலும் தபால் மட்டும் தவறாமல் வந்து சேருகிற பிரண்டைக்குளத்தில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். பொய் சொல்லத் தெரியாதவர். மீறிச் சொன்னால் விக்கல் வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

மகள் உலகம்மாளுக்கு நல்ல இடம் ஒன்று அமைந்திருந்தது. அவளுக்கும் பையனைப் பிடித்துப் போயிற்று. ஆனால் தரகர் சும்மா இருக்காமல், பெண்ணின் அப்பாவுக்குச் சொந்த லாரி இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் அளந்துவிட்டு வந்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் பூ வைக்க வருகிறார்கள். வந்தால் லாரியைப் பார்க்காமல் போவார்களா?

ஆவுடையப்பனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செல்போனில் தேடி, கைக்கு எட்டுகிற விலையில் லாரி ஒன்றை வரவழைத்தார். தபால்காரர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் வந்து கொடுத்தார்.

அட்டைப்பெட்டியின் மேல் மலையேறும் சிவப்பு லாரிப் படம். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகச் சாம்பல் நிறத் துண்டுகள். ஆவுடையப்பன் தன் கூட்டாளிகள் சிவனணைந்தானுக்கும் சொரிமுத்துவுக்கும் ஆள் அனுப்பினார். ஊரில் எந்த யோசனையானாலும் இந்த மூன்று பேர்தான்.

டவுனில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உலகம்மாள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இது ஒட்டி அலமாரியில் வைக்கிற பொம்மை வண்டி, அசல் லாரியில் இருபத்துநாலில் ஒரு பங்குதான் என்று பொறுமையாகச் சொன்னாள். செய்முறைத் தாளைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த கூட்டாளிகளும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்துநாலில் ஒரு பங்குன்னா, மீதி இருபத்துமூணு பங்கு யாருகிட்ட இருக்கு?" என்று ஆரம்பித்தார் சிவனணைந்தான்.

"பங்காளிககிட்டதான் இருக்கும்" என்றார் சொரிமுத்து.

"எனக்கு லாரியில பங்காளியே கிடையாதே வே" என்றார் ஆவுடையப்பன்.

"இப்பக் கிடையாது. கல்யாணத்தன்னைக்குப் பந்தல்ல வந்து நிப்பான். எங்க கிணத்துக்கு அப்படித்தான் வந்தான்" என்றார் சொரிமுத்து.

அதனால் உடனே ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. பொருள் நம் கையில், நம் அனுபோகத்தில் இருந்தால் பங்காளி போடுகிற கேஸ் நிற்காது என்பது சிவனணைந்தானின் கட்சி.

பசை தடவிய பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உலகம்மாள் படித்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று படிக்கும்போது பஸ் ஹாரன் அடித்துவிட்டது. எனவே ஆவுடையப்பன் முன் அச்சையும், சிவனணைந்தான் பின் அச்சையும் பிடித்தபடி உட்கார்ந்தார்கள். சொரிமுத்துவுக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் அசையக்கூடாது என்பது பொதுவாகச் சொன்னதுதானே என்று அவரும் அசையவில்லை. மத்தியானம் ஒரு கோழி வந்து பக்கவாட்டுக் கண்ணாடியைக் கொத்தி விழுங்கியது. மூன்று பேரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். சாயங்காலம் உலகம்மாள் வந்து "விடுங்கப்பா" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

கண்ணாடி இல்லாமல் வண்டி எடுக்கக்கூடாதே என்று பெரிய விவாதம் நடந்தது. இனி லாரி போகும் இடமெல்லாம் கோழியும் கூடப் போகும் என்று தீர்மானித்தார்கள்.

காற்றோட்டமான இடத்தில் பெயிண்ட் அடிக்கவும் என்றும் தாளில் இருந்தது. ஊரிலேயே காற்று அதிகம் உள்ள இடம் குடிதண்ணீர்த் தொட்டியின் உச்சி. அதுவும் ஆனி மாதக் காற்று. மூவரும் ஏறி, சிவப்பு ஸ்பிரே டப்பாவை அமுக்கி அமுக்கித் தீர்த்துவிட்டு இறங்கினார்கள். லாரி சாம்பல் நிறமாகவே இருந்தது. சொரிமுத்து நெற்றியிலிருந்து வயிறு வரை சிவப்பாக இருந்தார்.

அதற்குமேல் உலகம்மாளால் தாங்க முடியவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தானே உட்கார்ந்தாள். தூரிகையால் சிவப்பு அடித்தாள், கதவில் மஞ்சள் கோடு இழுத்தாள். ஓடிய வண்டி மாதிரி இருக்கட்டும் என்று மட்கார்டில் கொஞ்சம் சேறும் பம்பரில் கொஞ்சம் துருவும் வைத்தாள். முடிந்ததும் அவளுக்கே அதைக் கீழே வைக்க மனமில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா காந்திமதிநாதன் பத்துப் பேரோடு வந்தார். முற்றத்துப் பெஞ்சில் நின்ற லாரியை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"சின்னதா இருக்கே?"

"என் பங்கு அவ்வளவுதான்" என்றார் ஆவுடையப்பன். விக்கல் வரவில்லை.

காந்திமதிநாதன் முகம் தெளியவில்லை. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார். சொரிமுத்து ஒற்றை விரலால் பின்னுக்குத் தள்ளினார். சிவனணைந்தான் பெஞ்சைத் தட்டித் தட்டி, வா வா, ரைட்ல ஒடி, வரலாம் வரலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போதும் என்பதை மட்டும் சொல்லவில்லை. லாரி டம்ளரில் மோதி, காப்பி முழுவதும் சம்பந்தி வேட்டியில் கொட்டியது.

உள்ளே உலகம்மாள் தலையில் கை வைத்தாள். சம்பந்தம் போயிற்று என்று ஆவுடையப்பன் வேட்டியைத் துடைக்கத் துண்டோடு ஓடினார்.

காந்திமதிநாதன் எழுந்து நின்று, "யாரும் வண்டியைத் தொடாதீங்க. போலீஸ் வரட்டும்" என்றார்.

அடுத்த தெருவிலிருந்து ஏட்டு வந்தார். லாரியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார், டம்ளரைச் சுற்றியும் போட்டார். வண்டியில் இருந்தது யார் என்று விசாரித்தார். யாரும் இல்லை என்று எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். ஏட்டு ஒற்றைக் கண்ணை மூடி ஜன்னல் வழியே பார்த்தார். சீட் காலியாக இருந்தது. "டிரைவர் தப்பியோட்டம்" என்று நோட்டில் எழுதி, உரக்கப் படித்தார்.

அதைக் கேட்டதும் காந்திமதிநாதன் முகம் மலர்ந்தது. போலீஸே எழுதிய பிறகு அது லாரி இல்லை என்று எவன் சொல்ல முடியும்? காப்பிக் கறை வேட்டியோடேயே தட்டு மாற்றினார். பூவும் வைத்தாயிற்று. மாப்பிள்ளையும் உலகம்மாளும் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் சிரிப்பை அடக்குவதுமாக இருந்தார்கள்.

ஆனால் பெரியவர்கள் யாரும் பந்தியில் உட்காரவில்லை. ஏட்டு சீட்டை அளந்து, ஆள் நாலு விரல் உயரம் இருப்பான் என்று அடையாளம் சொல்லியிருந்தார். கட்டிலுக்கு அடியில், அண்டாவுக்குப் பின்னால், செருப்புகளுக்குள் எல்லாம் தேடினார்கள்.

"கால் சின்னது. ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான்" என்றார் சிவனணைந்தான்.

"பஸ் ஏறிட்டான்னா?" என்றார் காந்திமதிநாதன்.

எல்லோரும் ஓடினார்கள். குளத்தங்கரைச் சரிவில் பன்னிரண்டேகால் பஸ்ஸை மறித்தார்கள். ஏட்டு படியில் ஏறி நின்று, சீட்டுக்கு அடியில் பார்க்க வேண்டும், வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் காலை மேலே தூக்குங்கள் என்று உத்தரவு போட்டார்.

எல்லோரும் தூக்கினார்கள். பிரேக்கில் கால் வைத்திருந்த டிரைவரும் தூக்கினார்.