ராஜா தலையில் பத்து இடம்

புல்லை எண்ணச் சொன்ன ராஜா ஒருவர் இருந்தார். பெயர் திருமேனி நாயக்கர்.

குதிரை லாயத் தலைவர் வீரபாகு ஒருநாள் அவரிடம் வந்தார். "மேற்குப் புல்வெளியை மாடுகள் மேய்ந்தே மொட்டையாக்கிவிட்டன, மகாராஜா. இடையர்களைக் கிளப்பிவிடுங்கள். நிலம் தேறியதும் நம் குதிரைகளுக்கு ஆகும்."

அங்கே நாற்பது குடும்பம் மாடு மேய்த்துப் பிழைத்தது. ராஜா யோசித்தார். "நிஜமாகவே புல் இல்லையா? எண்ணிச் சொல்லுங்கள்."

அவ்வளவு பெரிய வெளியை யார் எண்ணுவது? சபையில் இருந்த பூவணர், அரண்மனைப் பிள்ளைகளுக்கு ஒரு வழி பழக்கியிருந்தார். மூங்கிலில் ஒரு முழச் சதுரச் சட்டம். பத்து இடத்தில் அதைப் போட்டு, உள்ளே இருப்பதை மட்டும் எண்ணினால் வெளி முழுவதும் எப்படி என்று தெரிந்துவிடும்.

"பிள்ளைகளை நானே கூட்டிப்போய் இடம் காட்டுகிறேன்" என்று வீரபாகு முந்திக்கொண்டார்.

மறுநாள் பிள்ளைகள் சபையில் ஓலையை வாசித்தார்கள். பத்துச் சதுரத்திலும் ஒரு புல்கூட இல்லை!

"பூவணர் முறைதான், மகாராஜா" என்று மீசையைத் தடவினார் வீரபாகு. ராஜா உத்தரவில் முத்திரை குத்த மோதிரத்தைக் கழற்றினார்.

பூவணர் மூங்கில் சதுரத்தைப் புரட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் சேறு. மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது. அந்த வெளியில் சேறு கிடப்பது ஒரே இடத்தில்தான்: மாடுகள் மிதித்துத் துவைக்கும் தண்ணீர்த் தொட்டியடியில்.

"மகாராஜா, அந்த மோதிரத்தைக் கொஞ்சம் கொடுங்கள். கிரீடத்தையும் கழற்றுங்கள்."

"எதற்கய்யா?"

"இன்னொரு வெளியை எண்ண வேண்டும்."

ராஜாவுக்கு உச்சியில் நல்ல வழுக்கை. பூவணர் மோதிரத்தை அதன் நடுவில் வைத்தார். "எண்ணுங்கள், பிள்ளைகளே."

"ஒன்றுமில்லை, ஐயா."

ஒரு விரல் தள்ளி வைத்தார்.

"ஒன்றுமில்லை, ஐயா."

இப்படியே பத்து இடம். கடைசியில் பிள்ளைகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எழுதிக்கொள்ளுங்கள். மகாராஜா தலையில் ஒரு முடிகூட இல்லை."

"ஓய்!" ராஜா காதோர முடியை இழுத்துக் காட்டினார். "அப்புறம் இது என்ன? உச்சியையே சுற்றிச் சுற்றி வைத்தால் எப்படி?"

"இடையர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், மகாராஜா" என்று பூவணர் சேற்றுச் சதுரத்தை நீட்டினார். "வீரபாகு தண்ணீர்த் தொட்டியையே சுற்றி வந்திருக்கிறார்."

வீரபாகு தன் கால்விரல்களைப் பார்த்தார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணைக் கட்டிக்கொண்டு நீரே எறியும், வீரபாகு! விழுந்த இடத்தில் பிள்ளைகள் எண்ணட்டும்."

புல்வெளிக்குப் போய்ப் பத்து முறை எறிந்தார். பத்தில் எட்டு இடத்தில் கொழுக்கட்டைப்புல் செழித்து நின்றது. இடையர்களுக்கே நிலம் என்று முத்திரை விழுந்தது. பூவணருக்கு ஒரு பட்டுச் சால்வை.

ஆனால் ராஜாவுக்கு ஒரு குறை. "பூவணரே, என் தலைக் கணக்கு மட்டும் ஓலையில் தப்பாகவே இருக்கிறதே. அதையும் சரியாக எண்ணிவிடும்."

"ஆகட்டும், மகாராஜா. கண்ணைக் கட்டிக்கொண்டு வீரபாகு சதுரத்தை எறியட்டும். தாங்கள் தலையை மட்டும் காட்டுங்கள்."

ராஜா சட்டென்று கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "வேண்டாமய்யா! மொட்டை என்றே இருந்துவிட்டுப் போகட்டும்."