இரண்டு தட்டு

மீனும் நண்டும் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தனுஷ்கோடிக்கு வடக்கே அமைதியாய்க் கிடக்கும் பெண்கடலும் தெற்கே குமுறும் ஆண்கடலும் ஒன்றாகத்தான் இருந்தன. அதில் வாழ்ந்த கூனி இறால்களும் ஒரே சொந்தம். திடீரென்று நடுவே மணல்திட்டு எழும்பியது. அண்ணன் கூனி வடக்கேயும் தங்கை கூனி தெற்கேயும் மாட்டிக்கொண்டார்கள். "வழி திறந்தா ஒன் வம்சத்துப் பொண்ணு எங்க வீட்டுக்குத்தான்" என்று அண்ணன் கத்தியது மட்டும் தங்கை காதில் விழுந்தது.

எத்தனையோ தலைமுறை போயிற்று. ஆண்கடலில் பிறந்த பவளி, முட்டைக்குள் இருந்தபோதே அந்த வாக்கைக் கேட்டு வளர்ந்தவள். வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, வராத மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த பிடிவாதக்காரி.

ஒரு புயல் திட்டை உடைத்தது. வடக்கேயிருந்து அண்ணன் கூனியின் வம்சத்துத் துளியன் வந்து சேர்ந்தான். பார்த்ததுமே பவளிக்குப் பிடித்துப் போயிற்று. துளியன் ஆசையாக அவள் மீசையை இரண்டு தட்டு தட்டினான். அவள் பின்பக்கமாகத் துள்ளி ஒரு பாறைக்கு அந்தப்புறம் போய் விழுந்தாள்.

"என்னைப் புடிக்கலையா புள்ள?"

"புடிச்சிருக்கு மச்சான். எங்க பக்கம் ரெண்டு தட்டுன்னா பெரிய அலை வருது, தள்ளிப் போன்னு அர்த்தம்."

"எங்க பக்கம் கிட்ட வான்னு அர்த்தம்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழகிக்கொள்ளலாம் என்று துளியன் தெற்கிலேயே தங்கினான். பாவம், அவன் தட்டும்போதெல்லாம் இவள் துள்ளினாள். மனம் நில் என்றாலும் வால் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மலைபோல் ஓர் அலை எழுந்தது. பவளி பதறிப்போய் அவன் மீசையை இரண்டு தட்டு தட்டினாள். அவனோ பழைய பழக்கத்தில் மலர்ந்த முகத்தோடு அவளை நோக்கி வந்தான். அலை அவனைத் தூக்கிப் பாறையில் அடித்தது. இரண்டு கால்கள் ஒடிந்தன. உயிர் தப்பியதே பெரிய காரியம்.

பவளி அவனைத் தாங்கிப் பிடித்துத் திட்டின் உடைப்புவரை கூட்டிப்போனாள்.

"போயிரு மச்சான்."

"அப்போ அந்த வாக்கு?"

"வாக்குக் குடுத்தவுக இந்த அலையைப் பாக்கல. நான் ஒன்னைக் காப்பாத்தத் தட்டுனா, நீ சாக வர்ற. நீ எங்கயாச்சும் உசுரோட இருந்தாப் போதும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

இன்றும் கடல் மணல்திட்டை உடைத்துக்கொண்டால் இரு பக்கத்துக் கூனிகளும் ஒன்றாகத்தான் மேயும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஜோடி சேர மட்டும் அதது தன் கடலுக்குத் திரும்பிவிடும். பவளி தன் மச்சானை அனுப்பிவைத்த அன்று தொடங்கிய வழக்கம் அது, பகையால் வந்ததில்லை.