அடுக்கன் சொன்ன பொய்

அந்தக் காலத்தில் கற்களுக்கும் பேச்சு இருந்தது. யானை பேசும், நரி பேசும், மனிதர் பேசுவார்கள்; ஆனாலும் பேச்சில் கல்லை மிஞ்ச ஆளில்லை. ஒரே இடத்தில் கிடப்பவர்களுக்கு வேறென்ன வேலை? ஆனால் ஒன்று, கல் பொய் சொல்லாது. வீடு கட்டுகிறவர்கள் ஒரு கல்லைத் தூக்குமுன் அதனிடமே கேட்பார்கள்: "நீ மண்ணுக்குள்ள எப்படி இருந்தே?" கல் சொல்லும். படுத்திருந்தால் படுத்தபடி, நின்றிருந்தால் நின்றபடி, சொன்ன வாக்கில் வைத்துக் கட்டுவார்கள். அன்றைய கொத்து வேலையில் பாதி இந்த விசாரிப்புதான்.

ஆற்றங்கரையில் தும்பி என்ற ஒருத்தி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவது அவள், மண் குழைப்பதும் தண்ணீர் சுமப்பதும் அவள் புருஷன் சிலம்பன். அவளுக்கு நிறைமாதம். மழைக்காலம் வாசலுக்கே வந்துவிட்டது. பிள்ளை பிறக்கும்போது தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். சுவர் எழும்பிவிட்டது, வாசலுக்கு இரண்டு பக்கமும் கல்தூண் நட்டு, மேலே உத்தரம் போட்டால் கூரை ஏற்றிவிடலாம்.

ஒரு தூணுக்குக் கரியன் கிடைத்தான். கருங்கல். பூமிக்குள் நெருப்புக் குழம்பாகக் கிடந்து இறுகியவன். "என்னை எப்படி வேணும்னாலும் வை தாயி. எனக்கு மேலு கீழு கிடையாது" என்றான். அவனை வாசலின் ஒரு பக்கம் நட்டாயிற்று.

பக்கத்தில் கிடந்தவன் அடுக்கன். அவன் பிறந்தது கடலடியில். வெள்ளக் காலத்தில் ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டும். தண்ணீர் அடங்கியதும் மெல்லிய களிமண் வந்து அதன்மேல் படியும். மறுபடி மணல், மறுபடி களி. அன்றே களிமண் மணலிடம் சொல்லி வைத்திருந்தது: "மேல எத்தனை பேர் வேணும்னாலும் ஏறிப் படுங்க, தாங்கிக்குவேன். பக்கவாட்டுல மட்டும் தள்ளாதீங்க, வழுக்கிடுவேன். அதுவும் நனைஞ்சா, என்னைக் கேட்கவே வேணாம்." மணலும் சரியென்றது. அப்படியே எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்து உறங்கி, இறுகி, ஒரே கல்லாக எழுந்தார்கள். கடல் பின்வாங்கியபோது அடுக்கன் வெயிலில் நீட்டிப் படுத்திருந்தான். மேனி முழுக்க அழகழகான வரிகள்.

அழகு இருந்து என்ன, அவனுக்குக் கரியனைப் பார்த்துப் பொறாமை. வருகிற போகிற எல்லாரும் கரியனை அண்ணாந்து பார்த்தார்கள். அடுக்கன்மேலோ ஏறி உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள்.

தும்பி இடுப்பில் கை வைத்து அவன் எதிரே நின்றாள். "மண்ணுக்குள்ள எப்படிப்பா இருந்தே?"

"நின்னுக்கிட்டுதான் இருந்தேன்" என்றான் அடுக்கன்.

வயிற்றுக்குள்ளிருந்து களிமண் முனகியது: "அடப்பாவி, படுத்துல்ல கிடந்தோம்!"

"அது என்ன சத்தம்?"

"பசி தாயி. வயிறு கத்துது."

கல்லுக்கு ஏது பசி என்று தும்பி ஒரு கணம் யோசித்தாள். ஆனால் கல் பொய் சொல்லுமா? தானே தன்னைத் தேற்றிக்கொண்டு யானையைக் கூப்பிட்டாள். யானை அடுக்கனைத் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தியது. படுத்திருந்த வரிகளெல்லாம் நெட்டுக்குத்தாக நின்றன. உத்தரம் ஏறியது, கூரை ஏறியது. அடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. "இங்கேயிருந்து பார்த்தா ஆத்துக்கு அக்கரை தெரியுதே!" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. படுத்திருந்தபோது முதுகில் வழிந்து ஓடிய தண்ணீர், இப்போது உச்சியில் விழுந்து வரிவரியாக உள்ளே இறங்கியது. களிமண் ஊறியது. "அடுக்கா, கால் வழுக்குது" என்றது. "பொறுத்துக்கோ, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று பல்லைக் கடித்தான் அவன்.

மழை சற்று விட்ட ஒரு காலையில் தும்பி பால் காய்ச்சினாள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்தார்கள். யானையும் வந்தது. மழையில் நனைந்த முதுகு யானைக்கு அரித்தது. எதிரே வாட்டமாக ஒரு தூண். சாய்ந்து ஒரு தேய்ப்புத் தேய்த்தது.

வாழைமட்டை உரிவதுபோல அடுக்கன் பலகை பலகையாக வழுக்கி விழுந்தான். உத்தரம் ஒரு பக்கம் இறங்கியது. அதற்கு நேர் கீழே பால் பானையோடு தும்பி.

யானைக்கு உடம்புதான் பெரிசு, தும்பிக்கையோ மின்னல். உத்தரத்தை அந்தரத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை.

"தும்பி! வெளியே வா!" என்று சிலம்பன் அலறினான்.

"வந்து? மறுபடி மழை வந்தா நனைஞ்சுக்கிட்டே பெத்துக்கவா?" என்றாள் தும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வலி எடுத்துவிட்டது. "யானை அண்ணே, அப்படியே பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"முதுகு தேய்ச்சீங்கல்ல, அதுக்கு இது பரவாயில்லை, பிடிங்க!"

கீழே சிதறிக் கிடந்த அடுக்கன் மெல்ல வாய் திறந்தான். "பொய் சொல்லிட்டேன் தாயி. நான் படுத்துதான் இருந்தேன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றது களிமண்.

தும்பிக்குத் திட்ட நேரமில்லை. விழுந்த பலகைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இழைத்து வைத்ததுபோல மட்டம். "சரி, நின்னு காட்டினது போதும். படுத்துக் காட்டு" என்றாள். அவள் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல, சிலம்பன் ஒரு பலகையின்மேல் ஒரு பலகையாகப் படுக்க வைத்து அடுக்கினான். உத்தரம் வரை வந்ததும், "இப்ப விடுங்க அண்ணே" என்றாள்.

யானை கண்ணை மூடிக்கொண்டு விட்டது. உத்தரம் இறங்கி உட்கார்ந்தது. அதே கல்தான். ஒரு நூல் அசையவில்லை.

"மூக்கே மரத்துப் போச்சு" என்று யானை தும்பிக்கையை உதறியது. "சும்மா ஒரு தேய்ப்புத் தேய்ச்சுப் பார்க்கட்டுமா?"

"போய்க் கரியன்மேல தேய்ங்க!" என்று எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மிஞ்சிய பலகைகளைத் தரையில் பரப்பினார்கள். அன்று சாயங்காலம் அந்தத் தரையில்தான் தும்பியின் மகள் பிறந்தாள். முதன்முதலில் அவள் குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், நடந்ததும் அடுக்கன் முதுகில்தான். அவள் பாதம் பட்டபோதெல்லாம் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கீழே கிடப்பது இத்தனை சுகமா என்றும் தோன்றியது. ஆனால் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொன்ன வாய் என்று பேச்சையே விட்டுவிட்டான். அவனுக்குத் துணையாக மற்றக் கற்களும் விட்டுவிட்டன. கரியன்கூட.

அன்று முதல்தான் கல் தானாக வாய் திறப்பதில்லை. கொத்தனாரும் கேள்வி கேட்பதில்லை. தண்ணீர் தெளித்து வரி ஓடும் வாக்கைப் பார்க்கிறார், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்க்கிறார், பிறகு மண்ணுக்குள் படுத்திருந்த அதே வாக்கில் அதைச் சுவரில் படுக்க வைக்கிறார்.